உன்னோடு வேலை செய்வது எப்படி இருக்கிறது?

குரூப் பிராஜெக்ட் என்று சொன்னாலே கல்லூரி மாணவர்களுக்கு ஒரு காட்சி கண்முன் வரும். ஒருவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்ப்பார். மற்ற மூவர் காலையில் வந்து, முதல் பக்கத்தில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மார்க் மட்டும் நால்வருக்கும் ஒன்று!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கிறது கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1990-களின் இறுதியில், அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியராக இருந்த ராண்டி பாஷ் ஒரு வகுப்பைத் தொடங்கினார். விர்ச்சுவல் ரியாலிட்டி கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து விளையாடும் உலகங்களை மாணவர்களே உருவாக்க வேண்டும். 'பில்டிங் விர்ச்சுவல் வேர்ல்ட்ஸ்' என்பது வகுப்பின் பெயர்.

கலை, டிசைன், நாடகம், கம்ப்யூட்டர் என்று வெவ்வேறு துறைகளிலிருந்து 50 மாணவர்கள் வந்தார்கள். நான்கு பேர் ஓர் அணி. கோடு எழுதுபவருக்குப் படம் வரையத் தெரியாது; வரைபவருக்குக் கோடு புரியாது. ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை ஓடாது. ஒவ்வொரு பிராஜெக்ட்டுக்கும் இரண்டே வாரம். முடிந்ததும் அணி கலைக்கப்படும். புதிதாக மூன்று பேரோடு அடுத்த பிராஜெக்ட். ஒரு செமஸ்டரில் இப்படி ஐந்து. துப்பாக்கிச் சண்டை கூடாது, ஆபாசம் கூடாது என்ற இரண்டு விஷயங்களைத் தவிர எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

முதல் இரண்டு வாரத்தில் மாணவர்கள் செய்து காட்டியதைப் பார்த்து பாஷ் அசந்துபோனார். இதற்கு மேல் என்ன சொல்லிக்கொடுப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. தன் குருவான ஆண்டி வான் டேமுக்கு போன் போட்டார். 'நன்றாக இருக்கிறது, ஆனால் உங்களால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று சொல்' என்பதே அவர் கொடுத்த யோசனையின் சாரம். மாணவர்களின் எல்லை எதுவென்று ஆசிரியருக்கே தெரியாதபோது, கோட்டை ஏன் கீழே போட வேண்டும்?

ஆனால், அந்த வகுப்பின் உண்மையான பரீட்சை கம்ப்யூட்டரில் நடக்கவில்லை. ஒவ்வொரு பிராஜெக்ட் முடிந்ததும், அணியில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும். இவரோடு சேர்ந்து வேலை செய்வது எவ்வளவு சுலபம் என்பதற்கும்கூட. ஐந்து பிராஜெக்ட், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். ஆக, ஒருவரைப் பற்றி 15 பேரின் கருத்து. ஒருவர் சொன்னால் பொறாமை எனலாம், இருவர் சொன்னால் கூட்டுச் சதி எனலாம். 15 பேர் சொன்னால்?

ஒரு மாணவருக்கு அப்படியும் உறைக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், ஆனால் தலைக்கனம். கடைசி 25 சதவிகிதத்தில் இருப்பதாகத் தெரிந்தும் கவலைப்படவில்லை. பாஷ் அவரைக் கூப்பிட்டு, முழு விவரத்தையும் எடுத்துக் காட்டினார். 50 பேரில் அவருக்கு ஐம்பதாவது இடம்.

கல்லாக இருக்கிறதே இந்த மனசு என்று தோன்றலாம். ஆனால் பாஷ், தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்ததாக அந்த மாணவரிடம் சொன்னார். அவர் மாணவராக இருந்தபோது, அதே வான் டேம் தோளில் கைபோட்டு நடக்க அழைத்துப்போய், 'உன்னைத் திமிர் பிடித்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது உன் வளர்ச்சியைத் தடுத்துவிடும்' என்ற பொருளில் பேசினாராம். திட்டாமல், அக்கறையோடு சொன்னதால்தான் அது உள்ளே இறங்கியது. ஐம்பதாவது இடத்தில் இருந்தவரும் பிறகு மாறத் தொடங்கியதாக பாஷ் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார்.

அணியாக வேலை செய்ய அவர் தந்த குறிப்புகள் ரொம்பச் சாதாரணமானவை. எல்லோருடைய பெயரையும் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் சாப்பாட்டோடு சந்தியுங்கள். 'இது வேண்டாம், அதைச் செய்யலாம்' என்பதற்குப் பதிலாக, 'அதைச் செய்து பார்த்தால் எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். வீட்டில் டி.வி ரிமோட் சண்டைக்குக்கூட உதவும் போலிருக்கிறது!

நாடகத் துறைப் பேராசிரியர் டான் மரினெல்லியோடு சேர்ந்து இதே பாணியில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கான மையத்தையும் பாஷ் உருவாக்கினார். சுபாவத்தில் எதிரெதிரான இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே சின்ன அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்களுக்குச் சொன்னதைத் தாங்களும் அனுபவித்தார்கள்.

2007 செப்டம்பர் 18-ம் தேதி, கணையப் புற்றுநோயால் இன்னும் சில மாதங்களே என்று டாக்டர்கள் சொல்லியிருந்த நிலையில், பாஷ் தன் பல்கலைக்கழக மேடையில் பேசினார். உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட அந்த உரையில் இந்த வகுப்புக்கும் நிறைய நேரம் ஒதுக்கினார். 2008 ஜூலை 25 அன்று, 47 வயதில் காலமானார்.

அவர் வகுப்பில் ஒரு விருது உண்டு. புதிதாக எதையோ முயன்று, பெரிய ரிஸ்க் எடுத்து, சொன்னதைச் செய்து முடிக்காமல் தோற்ற அணிக்கு அது போகும். பெயர், 'முதல் பென்குயின் விருது'. கீழே தண்ணீரில் எதிரி பதுங்கியிருக்கலாம் என்று தெரிந்தும், எந்தப் பென்குயினாவது முதலில் குதித்துத்தானே ஆக வேண்டும்?