காற்று போகிற பக்கம்

கல்வராயன் மலையில் கரியாலூர் கோடை விழாவில் கடை போட வருகிறவர்களில் புதியவர்கள் மேடைக்கு எதிரே இடம் கேட்பார்கள். பழகியவர்கள் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனித்து, அதற்கு முதுகு காட்டிச் சாக்கை விரிப்பார்கள். புளி வாங்க வந்தவர் விலை கேட்க வேண்டும், விற்பவர் சொல்ல வேண்டும், அவர் குறைத்துக் கேட்க வேண்டும், இவர் "கொட்டை எடுத்த புளிங்க, பிச்சுப் பாருங்க" என்று ஒரு துண்டைக் கையில் கொடுக்க வேண்டும். இத்தனையும் காதில் விழுந்தால்தான் வியாபாரம். வரவேற்புரைக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவில் விரலைக் காட்டி விலை சொன்னால், இரண்டாம் விரல் மடங்குவதற்குள் வந்தவர் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்.

விரலால் விலை பேசுவது மாட்டுச் சந்தைக் கலை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே தரகர் வாங்குகிறவரின் விரலைப் பிடித்து அழுத்துவார். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. எங்கள் அப்பாவுக்கு அதில் தீராத பிரமிப்பு. அவர் விற்றது கருவாடு. மூடி வைத்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும் சரக்கு.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீடு. கடலூரிலிருந்து மூட்டையாக வருவதைத் திண்ணையில் கொட்டி, நெத்திலி, சென்னாக்குன்னி, வாளை என்று தனித்தனியாகப் பிரித்துக் கட்டுவோம். அப்பா கோமுகி அணை தாண்டி மலையேறுகிற வண்டியில் ஏற்றிக்கொண்டு கரியாலூர் வழியாக வெள்ளிமலைச் சந்தைக்குப் போவார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் போவேன். சந்தையில் கருவாட்டுக்காரர்களுக்கு இடம் காற்று போகிற பக்கம். யாரும் கோடு கிழித்துக் காட்டியதில்லை. காற்று திரும்பினால் துணிக்கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அப்பா ஒன்றும் பேசாமல் சாக்கின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவார், மற்ற இரண்டு முனை என் கையில். சந்தையை ஏலம் எடுத்தவரின் ஆள் சுங்கத்துக்குச் சீட்டுக் கிழிப்பானே தவிர, இங்கே உட்கார், அங்கே உட்கார் என்று சொல்ல மாட்டான்.

விழாவில் கடைக்கெல்லாம் எண் உண்டு. எந்த எண் எங்கே என்பது கீழே எங்கோ ஒரு மேசையில் வரைபடமாகிறது. மேசையில் காற்றடிப்பதில்லை. ஒரு வருஷம் அப்படித்தான் மீன் வறுவல் கடையும் ஊதுபத்திக் கடையும் ஒட்டிக்கொண்டு அமைந்தன.

அப்பா சந்தைக்குப் போன நாளில் எங்களுக்குக் கடலூர்தான் கலெக்டர் ஊர். தென்னார்க்காடு மாவட்டம். கல்வராயன் மலையில் ஒருவருக்குப் பட்டா வேண்டுமென்றால் மனு கடற்கரைக்குப் போக வேண்டும். அதே சாலையில் எதிர்த்திசையில் எங்கள் கருவாடு வரும். 1993இல் மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தலைநகரானது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி. ஆபீஸ் இரண்டு தடவை மலையை நோக்கி நகர்ந்திருக்கிறது. கருவாடு மட்டும் இன்றைக்கும் கடலூரிலிருந்துதான்.

மேலே போனவை: உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு, புகையிலை, வெற்றிலை, வேட்டி, புடவை. கீழே வந்தவை: சாமை, மொச்சை, புளி, தேன், பலா, கடுக்காய். பாதிக்குப் பாதி பணமில்லாமலே நடக்கும். ஒரு படி சென்னாக்குன்னிக்கு ஈடாக எவ்வளவு புளி என்பது அந்த வருஷம் புளி காய்த்ததைப் பொறுத்தது. மிச்சத்துக்குக் கடன். "சாமை அறுத்ததும் தர்றேன் கருவாட்டுக்காரரே" என்பார்கள். அப்பா நோட்டில் ஊர்ப் பெயரை எழுதுவார், ஆள் பெயருக்குப் பதில் அடையாளம் எழுதுவார்: ‘மாட்டுக்கொட்டாய் ஓரத்து வீடு’, ‘ரெட்டைப் பலா’. மலையில் எல்லோருமே கவுண்டர்தான், அதிலும் பாதிப் பேருக்கு ஒரே பெயர் என்பது அவர் சொன்ன காரணம். வசூலுக்குத் தனியாகப் போனதாக நினைவில்லை. அடுத்த வாரம் அவர்களே வருவார்கள். வராவிட்டால் அதற்கடுத்த வாரம்.

சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. 1976இல்தான் அந்தப் பிடி விட்டது. ஜாகீருக்குக் கூலியில்லாமல் உழைத்த கதைகளை வயசானவர்கள் சந்தை மரத்தடியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரக்கைத் தலையில் சுமந்து வந்து, விற்றது போக மீதியைத் திரும்பச் சுமக்கலாம், விற்காமலும் போகலாம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை. மீதியைச் சுமப்பதில் என்ன சந்தோஷம் என்று நினைத்தேன்.

கடுக்காயைச் சொன்னேன். கல்வராயன் மலை கடுக்காய்க்குப் பெயர் பெற்றது. தோல் பதனிட அதன் துவர்ப்பு வேண்டும். நெல்லியோடும் தான்றியோடும் சேர்ந்தால் திரிபலா. மகளிர் குழுக்களோடு நான் வேலை செய்த காலத்தில் கோடை விழாவில் கடுக்காய்க்கென்று ஒரு கடை வைத்தோம். வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், ஜாதிக்காயா என்று கேட்டார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, கொட்டையை நீக்கி இடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கே பாடம் நடத்தினார். வாங்கவில்லை.

நம்முடைய மலை விழாக்கள் எல்லாமே ஊட்டியைப் பார்த்து வந்தவை. அங்கே 1896இலேயே மலர்க் கண்காட்சி தொடங்கிவிட்டது. பிறகு ஏற்காடு, ஏலகிரி, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர். கொல்லிமலையில் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா. கரியாலூருக்குப் படகுத்துறை உண்டு, சிறுவர் பூங்கா உண்டு, மே மாதத்தில் கீழே கொளுத்தும்போது இங்கே காற்றும் உண்டு. பூவால் செய்த யானை, துறைவாரியாகக் கண்காட்சி, மேடையில் கலைநிகழ்ச்சி. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு நல்ல நாள்தான், குறை சொல்ல மாட்டேன். விற்க வந்தவர்களுக்கு எப்படி என்றுதான் எனக்கு எப்போதும் சந்தேகம்.

ஒரு வருஷம் சாமைக் கடையில் நல்ல கூட்டம். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அறிவித்திருந்ததால் ஊரெல்லாம் சிறுதானியப் பேச்சு. குழுப் பெண்கள் இடித்த சாமை அரிசியை ஒருபக்கம் விற்றுக்கொண்டு, மறுபக்கம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரம் சூடு பிடிக்கும்போது ஒருவர் ஓடி வந்து, "மலைவாழ் மக்கள் நடனம் இருக்கு, எல்லாரும் மேடைக்கு வாங்க" என்றார். போய்விட்டார்கள். கடையில் நானும் ஒரு கரண்டியும். வாங்க வந்தவர்கள் சாமைக்கு விலை கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். குழம்பு தீர்ந்தால் வைக்கத் தெரியாது. ஆடி முடித்து வருவதற்குள் கூட்டம் கலைந்து, மழையும் பிடித்துக்கொண்டது. மே மாதச் சாயங்கால மழை மலையில் சொல்லி வைத்தாற்போல் வரும். சந்தைக்காரர்களுக்கு அது தெரியும். மூன்று மணிக்கெல்லாம் தார்ப்பாயை அவிழ்த்துவிடுவார்கள். விழாவின் சாமியானா வெயிலுக்கானது.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வெள்ளிமலைச் சந்தையில் வியாபாரத்தின் நடுவில் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

உணவுத் திருவிழா என்று எங்கே அறிவித்தாலும் பந்தல்கால் நடும் முன்பே சண்டை வரும். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாகச் சொன்னார்கள். மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மழையைச் சொல்லித் தள்ளி வைத்தார்கள். எங்கள் மலையில் அந்தச் சண்டை வேறு உருவில் வரும். அதிரசத்துக்கு வெல்லம் வேண்டும். கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று பெயராகிவிட்டதால், வெல்லம் மூட்டையாக மேலே ஏறினால் சாராய ஊறலுக்கா என்று கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சரக்கால். மலையில் காய்ச்சும் ஊறலுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு பெண் அதிரசத்துக்கென்று வெல்லம் எடுத்துப்போனால் மாவையும் கூடவே காட்ட வேண்டியிருந்தது. குழுப் பெண்கள் கேழ்வரகுக் களிக்கு மாறிவிட்டார்கள். களிக்கு வெல்லம் வேண்டாம்.

அந்த வருஷம் டிசம்பரில் மெரினாவில் மகளிர் குழுக்களின் உணவுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்புக்கு வரிசை. பாறையில் ஒட்டி வளரும் ஒரு கிழங்கு, ஒரே ஒரு அண்டா. கேட்கிறவர்களுக்குக் கிழங்கைக் கையில் எடுத்துக் காட்டலாம். இருபது பண்டத்தைப் பரப்பி வைத்த கடைகளில் விற்கிறவர்களே எதை முதலில் சொல்வது என்று தடுமாறினார்கள். சென்னைக்காரர்களுக்கு அடுத்த வாரம் அந்தச் சூப்பு எங்கே கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

மறுபடியும் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு 1999இல் மதுரையில் திறந்த முதல் உழவர் சந்தை பதில் சொன்னது: தினம் காலையில் அதே இடம், அடையாள அட்டை, தராசு, அன்றைய விலை எழுதிய பலகை. கள்ளக்குறிச்சிக்கும் உழவர் சந்தை வந்தது. கீழ்நாட்டுக் காய்கறிக்காரர்களுக்கு அதனால் பிழைப்பு. மலையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குள் அங்கே போய்ச் சேர பஸ் வேண்டுமே.

விலைப் பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. கோடை விழாவில் எல்லாக் கடையிலும் விலை எழுதி வைக்கச் சொல்லி அட்டை கொடுத்தார்கள். தேன் விற்ற அக்கா மட்டும் எழுத மாட்டேன் என்றார். கேட்டதற்குக் கண்ணைக் காட்டினார். நாலு கடை தள்ளி, குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி ஒருவர் நின்றார். மரவள்ளிக்கு முன்பணம் கொடுத்தவர். அக்காவின் கிழங்கு அறுவடையானால் அவர் மூலம்தான் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். "தேனு இந்த விலைக்குப் போவுதுன்னு தெரிஞ்சா இன்னிக்கே கேப்பாரு" என்றார். விழாவுக்கு வருகிற கூட்டத்தில் கடன் கொடுத்தவரும் உண்டு என்பதை எந்த வரைபடத்திலும் குறிப்பதில்லை. அன்றைக்கு அந்த அக்கா ஒவ்வொருவரிடமும் குனிந்து, காதோடு காதாக விலை சொன்னார். ஒலிபெருக்கி அதற்கு மட்டும் உதவியது. அப்பா பார்த்திருந்தால் மாட்டுத் தரகரின் துண்டை ஞாபகப்படுத்தியிருப்பார்.

அப்பாவின் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ‘ரெட்டைப் பலா’ கணக்குக்கு நேரே கடைசி வரையில் பாக்கி காட்டுகிறது. அவர் மலைக்குப் போவதை நிறுத்தியபோது அதைக் கேட்டு வாங்கலாமே என்று அம்மா சொன்னதற்கு, "சந்தைக்குப் போனாத்தானே கேக்க முடியும்" என்றார்.

சாமைக் கடைப் பெண்களின் போன் எண்ணை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தோம். விழா முடிந்து கொஞ்ச நாளில் பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, சாமை அரிசி பத்துக் கிலோ வேண்டும் என்றாராம். பஸ்ஸில் போட்டுவிடலாமா என்று குழுவில் பேச்சு. கண்டக்டர் ஆளில்லாத மூட்டையை ஏற்ற மாட்டார். கடைசியில் கீழே காய்கறி இறக்கப் போகிற வேன்காரர் கள்ளக்குறிச்சி வரை கொண்டுபோய், அங்கே பார்சல் ஆபீஸில் போடச் சம்மதித்தார், அவருக்குத் தனிக் கூலி. பாண்டிச்சேரிக்காரர் விழாவில் வாங்கிய விலையையே சொல்லியிருக்கிறார். போனை எடுத்த பெண், "அது அன்னிக்கு வெலைங்க" என்று சொல்லி, வேன் கூலியும் சாக்கு விலையும் சேர்த்து ஒரு தொகை சொன்னாள். அவர் குறைத்துக் கேட்டார். யோசிச்சிட்டுக் கூப்பிடுங்க என்று வைத்துவிட்டாள்.