தகடு தந்த பாடம்

கல்வி என்றதும் நம் கண்முன் வருவன நூல்களும் வகுப்பறைகளும் தேர்வுகளுமே. ஏட்டில் ஏறாத கல்வி ஒன்றும் உண்டு. அது உழைப்பாளியின் கையில் இருக்கிறது. இயற்பியல் மாணவனாகிய நான் அதனை என் தாய்மாமாவின் டிங்கரிங் பட்டறையில் கண்டேன்.

மாமா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நாற்பது ஆண்டுகளாக, அடிபட்டு வரும் கார்களுக்கு நெளிவு எடுத்து வருபவர். "ஊரார் வண்டியெல்லாம் நிமிர்த்திட்டேன் மாப்ளே, என் கையால முழுசா ஒரு வண்டி செய்யலையே!" என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம். ‘ஹாட் ராட்’ எனப்படும் அமெரிக்க வண்டிகளின் படங்களை நான் காட்டிய அன்று அந்த ஏக்கம் செயலாக மாறியது.

ஹாட் ராட் என்பது என்ன? 1930களில் தெற்குக் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினர். மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்தனர். எஞ்சினின் ஆற்றலைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் விரைந்தோட்டினர். 1932இல் ஃபோர்டு தந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் அவர்களுக்குப் பெரும் வரமாயிற்று. உலகப் போர் முடிந்தபின், 1946இல், பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் எரிபொருள் தொட்டியையே காரின் உடலாக்கிவிட்டார்!

எங்களுக்கு விமானத் தொட்டி ஏது? புதுப்பேட்டையில் ஒரு பழைய ஜீப்பின் சேசிஸும், கழித்துப் போட்ட அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும் கிடைத்தன. உடலுக்கு இரும்புப் பீப்பாய்கள்! அவற்றை வெட்டி விரித்துத் தகடாக்கினோம்.

மணல் மூட்டைமேல் தகட்டை வைத்து மாமா மரச்சுத்தியால் தட்டுவார். தட்டிய இடம் மெலிந்து விரிந்து கிண்ணம்போல் குழியும். தட்டத் தட்டத் தகடு இறுகி முரண்டு பிடிக்கும். சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மீண்டும் இளகும். அளவுக்கு மீறி விரிந்துவிட்டால், அவ்விடத்தில் காசளவு மட்டும் சூடேற்றி ஈரத்துணியால் ஒற்றுவார். தகடு சுருங்கி அடங்கிவிடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேட்டையும் பள்ளத்தையும் கை சொல்லிவிடும். வெப்பத்தால் உலோகம் விரியும் என்று சூத்திரம் எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு, அச்சூத்திரம் உயிரோடு நடமாடியது அங்கேதான்.

பதினொரு மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பின், பட்டறையை ஒட்டிய காலி மனையில் வண்டி ஓடியது. மாமா பேசவில்லை, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, கதவைத் தடவிக்கொண்டு நின்றார்.

அவ்வண்டி சாலைக்கு வராது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. சாலையில் செல்வோரின் உயிரைக் காக்கும் சட்டத்தை நான் குறை கூறேன். அமெரிக்காவிலும், 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றித் தெருப் பந்தயங்களை ஒழுங்கான களத்துக்குக் கொண்டுசெல்ல முயன்றது.

என் கவலை வேறு. இன்று நெளிந்த கதவைத் தட்டி நிமிர்த்துவது குறைந்து வருகிறது. கழற்றி எறிந்துவிட்டுப் புதுக்கதவு மாட்டுகிறார்கள். மாமாவிடம் தொழில் கற்க ஒரு பையன்கூட இல்லை. அவர் கை ஓய்ந்தால் அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் அதனோடு போய்விடும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். நாற்பது பக்கங்கள் ஆகிவிட்டன. "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரிக்கிறார். ஆனால் மறுநாள் அவரே, "நேத்து ஒண்ணு விட்டுட்டேன், எழுதிக்கோ" என்கிறார்.

நண்பர்களே! இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் தறியும் உளியும் ஏரும் பிடித்த கைகளின் பிள்ளைகள். பட்டம் பெற்று வெளியூர் செல்லுமுன், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அக்கைகளின் அருகே சென்று அமருங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், அவர்கள் நிச்சயம் சொல்வார்கள்.