சர்க்கஸ்காரர்களின் இடுகாடு

ஜூன் 21

சிகாகோவின் மேற்கு ஓரத்தில் ஃபாரஸ்ட் பார்க். உயிரோடு இருப்பவர்களைவிட மண்ணுக்குள் இருப்பவர்களே அதிகம் என்று பெயர் வாங்கிய ஊர். உட்லான் கல்லறைத் தோட்டத்தில் ‘ஷோமென்ஸ் ரெஸ்ட்’ பகுதிக்குப் போனேன். ஐந்து கல் யானைகள், ஒவ்வொன்றும் ஒரு முன்காலைப் பந்தின்மேல் வைத்தபடி. தும்பிக்கைகள் தொங்குகின்றன, சர்க்கஸ்காரர்களுக்கு அது துக்கக் குறி. நடுவே, புல்லோடு புல்லாகச் சிறு கற்கள். ஒன்றில் ‘பால்டி’. இன்னொன்றில் ‘ஸ்மைலி’. ஒன்றில் ‘நான்கு குதிரை வண்டியோட்டி’. பலவற்றில் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்றும் ஒரு எண்ணும்தான்.

ஜூன் 22

இதே தேதியில்தான், 1918-இல். விடியற்காலை நாலு மணி வாக்கில், இண்டியானாவின் ஹாமண்ட் அருகே, அச்சு சூடேறி நின்றது ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் ரயில். ஆட்கள் அயர்ந்து தூங்குகிறார்கள். பின்னால் வந்த காலி ராணுவ ரயிலின் ஓட்டுநரும் தூங்கிவிட்டார். சிக்னல்களைத் தாண்டி வந்து மோதியது. மரப்பெட்டிகள், மண்ணெண்ணெய் விளக்குகள். தீ பற்றக் கேட்கவா வேண்டும்? 86 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

கூடாரம் அடிக்கவும் குதிரை பார்க்கவும் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலர். முழுப்பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. நேற்றுப் பார்த்த எண்கள் மனதைப் பிசைகின்றன.

ஜூன் 24

ஷோமென்ஸ் லீக், சர்க்கஸ், கேளிக்கைத் தொழிலில் இருந்தவர்கள் 1913-இல் தொடங்கிய சகோதரச் சங்கம். முதல் தலைவர் காட்சி நடத்துநர் பஃபலோ பில். விபத்துக்குச் சற்று முன்புதான் சங்கம் ‘ஷோமென்ஸ் ரெஸ்ட்’ நிலத்தை வாங்கியிருந்தது. கேட்பாரற்றுக் கிடந்த உடல்களை ‘இவர்களும் நம்மவர்கள்’ என்று ஏற்றுக்கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை இங்கே அடக்கம் செய்தது. ஊர் ஊராகப் பிழைக்கிறவனுக்குச் சாகும் இடம் சொந்த ஊராக அமையாது என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். சங்கம் என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஜூன் 28

பக்கத்து வீட்டுப் பையன், “அங்கே யானைகளைப் புதைச்சிருக்காங்களாம், ராத்திரி பிளிறுமாம், நிஜமா அங்கிள்?” என்றான். அந்த விபத்தில் யானை ஏதும் சாகவில்லை, மிருகங்கள் வேறு ரயிலில் போயின என்றேன். ப்ரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலை அதிக தூரமில்லை. அங்கே யானைகள் இருந்த காலத்தில் பிளிறல் அங்கிருந்து வந்திருக்கலாம். செத்த மனிதர்களை மறைக்கும் இந்த யானைக்கதை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வண்டியோட்டியைப் பற்றிச் சொன்னேன்.

“நாலு குதிரையை வெச்சு என்ன பண்ணுவார்?”

ரயிலடியில் சாமான்களை இறக்கியதும் வண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோவார். ஆட்டம் முடிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப ரயிலடிக்கு. மறுநாள் வேறு ஊர் என்றேன்.