நாற்பதில் மலர்ந்த நடிப்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இருமொழிப் படங்களையும் சுவைப்பவை. 'பாபு' (1971) படத்தில் சிவாஜி கணேசன் ரிக்‌ஷா இழுத்ததைக் கண்டு கலங்கியோர் பலர். அதன் மூலமான 'ஓடயில் நின்னு' (1965) என்னும் மலையாளப் படத்தில் அந்தப் பாரத்தை முதலில் இழுத்தவர் சத்யன்.

திருவனந்தபுரத்துக்காரரான சத்யநேசன் ஆசிரியராகவும், தலைமைச் செயலக எழுத்தராகவும், போர்வீரராகவும், காவல்துறை ஆய்வாளராகவும் இருந்தவர். 1912இல் பிறந்த அவரது முதற்படமாக 'ஆத்மசகி' வெளிவந்த ஆண்டு 1952. காவல்துறை வேலையை விட்டுத் திரைக்கு வந்தார். மாதச் சம்பளத்தின் அருமை அறிந்த நமக்கே அத்துணிவின் அளவு புரியும்.

'நீலக்குயில்' (1954) ஆசிரியர், 'செம்மீன்' (1965) மீனவன் பழனி, 'கடல்பாலம்' (1969) தந்தையும் மகனும் ஆகிய இரட்டை வேடம் என எவரிடத்தும் மற்றவர் சாயல் இல்லை. கடல்பாலத்திற்கே கேரள அரசின் முதலாவது சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இரத்தப் புற்றுநோய் பற்றிய பின்னும் நடித்துக்கொண்டிருந்து, 1971 ஜூன் 15 அன்று மறைந்தார்.

வகுப்பறையிலும் அலுவலகத்திலும் பாசறையிலும் காவல் நிலையத்திலும் பலவகை மனிதரை அருகிருந்து கண்ட கண்களே அந்நடிப்பின் முதல் என்பது என் எண்ணம். கோப்புகளிடையே நாற்பதைத் தாண்டிய என் போன்றோர், கழிந்த ஆண்டுகளை வீண் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.