ஆவியின் முறையீடு

ஆவியை அரபியில் 'புகார்' என்பர். தமிழிலோ அச்சொல் முறையீட்டைக் குறிக்கும். சித்திரை வெயிலில் தண்டலம் சாலையோரம் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் வாடையில் இரு பொருளும் பொருந்தக் காண்கிறேன்.

பெட்ரோலின் மென்கூறுகள் 40 பாகை வெப்பத்திற்குள்ளேயே கொதிக்கத் தொடங்குவன. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குட்பட்ட வண்டிகளில், தொட்டியில் எழும் ஆவியைக் கரிக்குடுவையொன்று பற்றி வைத்து, எஞ்சின் ஓடுகையில் எரிப்பதற்கு அனுப்புகிறது.

ஒரகடத்து ஆலைக்குச் செல்லும் என் மாணவரொருவர் அக்குடுவையைக் கழற்றிவிட எண்ணினார். "வேண்டா தம்பி" என்றேன். அவ்வாவியில் பென்சீன் எனும் நஞ்சுண்டு. அதை முகர்வோர் நம் பிள்ளைகளே. தொட்டியை விளிம்புவரை நிரப்பலும் ஆகாது. பெட்ரோல் குடுவைக்குள் புகுந்து கரியைக் கெடுக்கும்.

வாடை நீங்காவிடின் கசிவென்றறிக. எஞ்சினை அணைத்து, நெருப்புக்கு அப்பால் நிழலில் நிறுத்தி, குழாய்களையும் மூடியையும் மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். முறையீடு கேட்ட பின்னும் வாளாவிருத்தல் அறமன்று.