மேசைக்கு நடுவே என்ன வைப்பது?

பண்டிகை நாளில் டைனிங் டேபிளை அலங்கரிப்பது எப்படி என்று பத்திரிகைகள் படம் போடும்போதெல்லாம் நடுவில் ஒரு பூச்சாடி, இருபுறமும் மெழுகுவர்த்தி. எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினால் ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபேனை நிறுத்தினால் சித்தப்பா சாப்பிட உட்காரமாட்டார். ஆக, அந்த வழக்கு விசாரணைக்கு வருமுன்பே தள்ளுபடி. பூச்சாடியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விருந்துகளில் ஒரு சுற்றுக்கான பண்டங்கள் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் மேசைமேல் பரப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு தட்டு என்றால் அந்தப் பக்கம் அதற்கு இணையாக இன்னொன்று. அந்த வரிசையே பெரிய அலங்காரம். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை என்று ஒன்று அங்கே பரவியது. இறைச்சியை உள்ளேயே வெட்டி, ஒவ்வொரு பண்டமாகக் கொண்டுவந்து ஆளுக்கு ஆள் பரிமாறினார்கள். சாப்பாடு சூடாக வந்தது, மேசையின் நடுப்பகுதி காலியானது. காலியான இடத்தில் பூவும் பழமும் தாராளமாக ஏறி உட்கார்ந்தன.

நம் விருந்திலும் ஒவ்வொன்றாகத்தான் பரிமாறுகிறோம். ஆனால் இலையில் காலி இடம் மிஞ்சுவதில்லை. நுனி, சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்தபின் நடுநரம்புக்கு மேலே உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல், கீழ்ப்பாதி சோற்றுக்கு. வலது மூலையில் ஒரு சொட்டுப் பாயசம். என் அத்தை சமையல் பட்டியல் போடும்போதே நிறம் பார்ப்பார். பூசணிக்காய்க் கூட்டு என்றால் அன்றைக்கு வெண்டைக்காய்த் தயிர்ப்பச்சடி கிடையாது. “ரெண்டும் வெள்ளையா இருந்தா இலை அழுதுவடியும்டா, பீட்ரூட்டைத் துருவு” என்பார். மேசை அலங்காரம் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

சிக்கல் மேசையில் இருக்கிறது. ஆறு பேர் உட்காரும் மேசை என்று கடைக்காரர் விற்றது ஏறக்குறைய ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். நல்ல நுனி இலை ஒன்றே இரண்டடிக்குக் குறையாது. பக்கத்துக்கு இரண்டு இலை போட்டால் மேசை முடிந்தது. எதிரெதிர் இலைகளுக்கு நடுவே மிஞ்சுவது தண்ணீர் டம்ளர் வைக்கும் இடம். அதில் மல்லிகைப் பூச்சாடியை வேறு வைத்தால் ரசத்தின் வாசனை போய்விடும். வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் வாசனையில்லாத பூவாக, எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்தில் வைக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. தரையில் பந்தி போட்டால் பரிமாறுகிறவர் இலைக்கு முன்னால் வருவார். இலையில் எது தீர்ந்தது என்று பார்ப்பார், முகத்தையும் பார்ப்பார். போதும் என்று கை காட்டுகிறவர் மனசாரச் சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் நீள மேசைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போடுவதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். வீட்டு மேசையிலோ எதிர்ப்பக்கமும் ஆள். பரிமாறுகிறவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, இரண்டு தோள்களுக்கு நடுவே வாளியை நுழைக்க வேண்டும். புதுச் சட்டையில் சாம்பார் விழுவது அப்படித்தான்.

அதனால் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் மேசையைச் சுவரோரம் தள்ளிவிடுகிறோம். எதிர்ப்பக்கம் சுவர், அங்கே பாத்திரங்களும் வாழைப்பழச் சீப்பும். இந்தப் பக்கம் மூட்டு வலிக்காரர்கள் இருவருக்கு நாற்காலி. மற்றவர்களுக்குக் கூடத்தில் ஜமக்காளம். போன வருடம் நாற்காலி கிடைத்த பெரியப்பா இரண்டாவது அப்பளம் தன்வரை வரவில்லை என்று புகார் செய்தார். இந்தப் பொங்கலுக்குத் தரையில்தான் உட்காருவாராம். எழுந்திருக்கும்போது கைகொடுக்க இப்போதே என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்.