காதுல மஞ்சள் வில்லை, கம்ப்யூட்டர்ல 12 எழுத்து

மாட்டுக் காதுல மஞ்சளா ஒரு வில்லை தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அதுல 12 இலக்க எண் இருக்கும். மாடு செத்து இன்சூரன்ஸ் கேட்டுப் போனா, முதல்ல அந்த நம்பரைத்தான் கேப்பாங்க. "தொழுவத்துல மூணாவதா நிக்கிற செவலைங்க"ன்னா நடக்காது. நாளைக்கு அந்த இடத்துல வேற மாடு நிக்கும்.

இதே சிக்கல் கம்ப்யூட்டருக்கும் உண்டுன்னு எங்க அக்கா மகன் சொல்லித்தான் தெரியும். இங்க காட்டாங்குளத்தூர்லயே ஒரு இடத்துல 40 மெஷினுக்கு லினக்ஸ் ஏத்துற வேலை எடுத்திருந்தான். கேள்விக்கெல்லாம் பதிலை முன்னாடியே ஒரு ஃபைல்ல எழுதி வச்சிட்டா, ஆள் இல்லாமலே நெட்வொர்க் வழியா ஏறிக்குமாம். திங்கட்கிழமை அங்க பரீட்சை. முடிக்கலைன்னா பணம் கிடையாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட வந்தவன் தட்டைத் தொடவே இல்ல. "பாதி மெஷின் அப்படியே நிக்குது மாமா"ன்னான்.

ஒவ்வொரு மெஷின்லயும் ரெண்டு நெட்வொர்க் கார்டு. ஒயர் ஒண்ணுலதான் சொருகியிருக்கு. எந்தக் கார்டுன்னு லினக்ஸுக்குச் சொல்லணும். முன்னெல்லாம் கண்ணுல பட்ட வரிசையில ஈத்0, ஈத்1னு பேர் வைக்குமாம். வரிசை மாறினா பேரும் மாறிடும். அதனால 2013-ல, கார்டு சொருகியிருக்கிற இடத்தை வச்சுப் பேர் வைக்கிற முறை வந்தது. என்பி3எஸ்0-ன்னா மூணாவது பஸ், பூஜ்யமாவது ஸ்லாட். இவன் ஃபைல்ல அந்தப் பேரைத்தான் எழுதியிருந்தான். ஆனா பாதி மெஷின் வேற மாடல். அதுல அந்த இடத்துல இருந்தது ஒயர் இல்லாத கார்டு. வராத முகவரிக்காக அது காத்துக்கிட்டே கிடந்திருக்கு.

"வில்லை மாதிரி அதுக்கு நம்பர் கிடையாதாப்பா?"ன்னு கேட்டேன்.

இருக்காம். மேக் அட்ரஸ்னு ஒவ்வொரு கார்டுக்கும் 12 எழுத்து. முதல் ஆறு கம்பெனியோடது, மீதி ஆறு அந்தக் கார்டோடது. ஆனா 40 நம்பரையும் எழுதி வைக்கவேண்டியதில்லையாம். மெஷின் எந்தக் கார்டு வழியா பூட் ஆச்சோ, அதோட நம்பரைக் கையோட அனுப்பச் சொல்லலாம். கிக்ஸ்டார்ட் ஃபைல்ல கார்டு பேருக்குப் பதிலா 'பூட்இஃப்'னு போட்டா, வந்த வாசலையே பிடிச்சுக்கும்.

அன்னிக்கு ராத்திரியே வண்டியை எடுத்துட்டுப் போனான். நான் பால் கறக்க எழுந்தப்போ மெசேஜ் வந்திருந்தது: 40-ம் ஏறிடுச்சாம்.